திங்கட்கிழமை எடுக்கவேண்டிய பூட்டு

கப்பலின் அடித்தொட்டிக்குள் இறங்குகிறவன் இறங்குவதற்கு முன் ஒரு காரியம் செய்யவேண்டும். கடல்தண்ணீர் உள்ளே வரும் வால்வை இறுக்கி மூடி, அதன் சக்கரத்தில் சங்கிலி சுற்றி, தன்னுடைய பூட்டைப் போட்டுப் பூட்டவேண்டும். மூன்று பேர் இறங்கினால் மூன்று பூட்டு. சிவப்புப் பூட்டு, ஒவ்வொன்றிலும் அவரவர் படமும் இலக்கமும் ஒட்டியிருக்கும். ஒரு பூட்டுக்கு ஒரே ஒரு திறப்பு, அது அவரவர் சட்டைப்பையில். வேலை முடிந்து வெளியே வந்ததும் அவரவரே தன் பூட்டைக் கழற்றவேண்டும். கப்பலின் கப்டனே வந்து நின்றாலும் அடுத்தவன் பூட்டைத் தொடக்கூடாது. பூட்டுத் தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறது, அவ்வளவுதான் சட்டம்.

பன்னிரண்டு வருடமாக அந்தச் சட்டத்தோடு வேலை செய்தேன். ஒரு வெள்ளிக்கிழமை ஒரு பூட்டுக் கழற்றப்படாமல் கப்பலிலேயே நின்றுவிட்டது. அது என்னுடைய பூட்டு அல்ல. ஆனால் அது அங்கே நின்றதற்குக் காரணம் நான்தான். சுற்றிவளைத்துச் சொல்லிப் பிரயோசனமில்லை, முதலே சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் வேலை செய்தது டென்மார்க்கின் வட மூலையில் உள்ள ஒரு துறைமுகத்தில், கடற்படைக் கப்பல்களைத் திருத்தும் யார்ட் ஒன்றில். கப்பல் வந்து கரைமேடையோடு நிற்கும். நாங்கள் துருவைச் சுரண்டுவோம், தொட்டிகளைக் கழுவுவோம், பெயின்ற் அடிப்போம். வெளியே எல்லாம் சாம்பல் நிறம், உள்ளே வேறு சாம்பல். பீரங்கி, ராடார் என்று மேல்தளத்தில் நிற்பவற்றோடு எங்களுக்கு எந்தத் தொடர்பும் கிடையாது. எங்களுக்குத் தெரிந்த போர்க்கப்பல் என்பது குனிந்து போகும் வாசலும் வழுக்கும் ஏணியும்தான்.

நாங்கள் என்றால் நானும் அண்ணையும். கூடப்பிறந்தவர் அல்ல, ரண்டர்ஸ் நகரத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தவர், என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். விடிய நாலரைக்கு அவர் வாசலில் காரை நிறுத்துவேன். ஒன்றரை மணித்தியால ஓட்டம். நான் கார் ஓட, அவர் இஞ்சித் தேத்தண்ணியை ஊற்றித் தருவார். இடையில் ஓல்போர் நகரம் வரும்வரை இரண்டு பேரும் வாய் திறக்கமாட்டோம். ஓல்போர் சுரங்கப்பாதையைத் தாண்டியதும் அவர் கதைக்கத் தொடங்குவார், நான் சண்டை பிடிக்கத் தொடங்குவேன். என் வாய் அப்படி. அவர் எதையும் ஆறுதலாகச் செய்பவர், நான் அவசரக்குடுக்கை.

சட்டைப்பையில் திறப்பு இருக்கிறதா என்று ஏணியில் கால் வைக்கும்முன் நாலு தரம் தடவிப் பார்ப்பார். “அண்ணை, நீங்கள் வெளிக்கிட்டு முடிய கப்பல் திரும்பவும் துருப்பிடிச்சிடும்” என்பேன். “பிடிக்கட்டும் தம்பி, பேந்து நாளைக்கும் வேலை இருக்குமெல்லே” என்பார். எனக்குச் சிரிப்பு வந்தாலும் காட்டமாட்டேன்.

யார்ட்டின் சாப்பாட்டு அறைச் சுவரில் ஒரு பழைய பலகை இருந்தது. இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில், இதே மேடையில் அந்தக்கால டொர்பீடோப் படகுகளைக் கட்டிவைத்துச் சுரண்டியவர்களுடைய பலகை. வரிசையாகக் கொளுக்கிகள், கொளுக்கிகளில் இலக்கம் வெட்டிய பித்தளை வில்லைகள். கப்பலுக்குள் போகிறவன் தன் வில்லையை எடுத்துக்கொண்டு போவான், வந்ததும் திரும்ப மாட்டுவான். பின்னேரம் வெறுங்கொளுக்கி இருந்தால் ஆளைத் தேடுவார்கள். பக்கத்தில் அவர்களுடைய படமும் இருந்தது. தொப்பியும் மீசையுமாக, கையில் சுத்தியலோடு, ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. அதில் ஒரு கொளுக்கியில் மட்டும் வில்லை இல்லை. யாரோ ஞாபகத்துக்கு எடுத்துப்போயிருப்பார்கள் என்று எங்கள் வேலையை மேற்பார்க்கும் போர்மன் சொன்னார். அண்ணை நம்பவில்லை. “ஆள் வெளியில வராமலே கப்பலைத் தண்ணியில விட்டிட்டினமோ, ஆருக்குத் தெரியும்” என்று சாப்பிடும்போதெல்லாம் அந்தக் கொளுக்கியைப் பார்ப்பார். “சாப்பிடுங்கோ அண்ணை, விசர்க் கதை கதையாமல்” என்பேன்.

அண்ணையிடம் ஒரு பொய் இருந்தது, அதில் எனக்கும் பங்கு. வீட்டில் தன் மனைவியிடம், நான் அக்கா என்று கூப்பிடுகிறவரிடம், பயணிகள் போகும் பெரிக் கப்பல்களில் வேலை செய்வதாக அவர் சொல்லியிருந்தார். அக்காவின் தம்பி, ஊரில் சண்டை நடந்த காலத்தில், ஒரு நாள் படகில் போனவன் திரும்பி வரவில்லை. சாம்பல் நிறக் கப்பல் ஒன்றைத் தூரத்தில் கண்டதாகக் கரையில் நின்றவர்கள் சொன்னார்கள், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. உடல்கூடக் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு அக்காவுக்கு அந்த நிறமே ஆகாது. இந்த நாட்டில் சாம்பல் நிறம் இல்லாத சோபா தேடுவது லேசுப்பட்ட வேலையா? ரண்டர்ஸ், வைலே, கோல்டிங் என்று கடைகடையாக ஏறி இறங்கி, கடைசியில் மண்ணிறத்தில் ஒன்று வாங்கினார்கள். அதைத் தூக்கி ஏற்றி இடுப்பு முறிந்தவன் நான்.

“அவவுக்கு நேவிக் கப்பல் எண்டு சொல்லிப்போடாதையும்” என்று முதல் வாரமே காருக்குள் வைத்துச் சொன்னார். “கேட்டால் பெரி எண்டு சொல்லும்.” நானும் பன்னிரண்டு வருடம் பெரி என்றே சொன்னேன். எந்தப் பெரி, எத்தனை பேர் போகலாம், உள்ளே கடை இருக்கிறதா என்று அக்கா கேட்டால் கூசாமல் அளந்து விடுவேன்.

இனி அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

அன்றைக்கு ஒரு தொட்டியின் கடைசி மூலை மிச்சம். அடுத்த வியாழன் கப்பல் கடலுக்குப் போகவேண்டும். நாங்கள் இரண்டு பேர்தான் உள்ளே. பதினொரு மணி போல அண்ணை பிறஷைக் கீழே வைத்துவிட்டு இருந்துவிட்டார். “தம்பி, இடக்கை கொஞ்சம் உளையுது” என்றார்.

“வெள்ளிக்கிழமை எண்டால் உங்களுக்கு ஏதாவது உளையும்” என்றேன் நான். “எழும்புங்கோ. மகளுக்கு நாலரைக்கு ஹான்ட்பால் மச், நான் நிக்கவேணும்.”

அவர் எழும்பினார். மிச்சத்தை அடித்து முடித்தார். இப்போதும் அந்தத் தொட்டிக்குள் அவர் கையை ஒருதரம் உதறிவிட்டுப் பிறஷை எடுத்தது கண்ணுக்குள் நிற்கிறது. ஐயோ, ஒரு வார்த்தை! “இருங்கோ அண்ணை, நான் முடிக்கிறன்” என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு என்ன வந்தது?

வேலை முடிந்ததும் நான் முதலில் ஏறி, வால்வு இருந்த அறைக்கு இரண்டு ஏணி இறங்கி என் பூட்டைக் கழற்றிக்கொண்டு, சாமான்களைத் தூக்கிக்கொண்டு காருக்கு ஓடினேன். அவர் வர நேரம் எடுத்தது. நான் ஹோர்ன் அடித்தேன். ஒருதரம் இல்லை, மூன்று தரம். அவர் மேடையில் தெரிந்தார், கையைக் காட்டினார், மெல்ல நடந்து வந்து ஏறினார். முகம் வேர்த்திருந்தது. ஹீற்றரைக் குறைத்துவிட்டேன், அவ்வளவுதான் நான் செய்தது.

ஓல்போர் சுரங்கப்பாதைக்குள் கார் இறங்கும்போது சட்டைப்பையைத் தடவித் திறப்பைத் தொட்டவர் திடுக்கிட்டார். “தம்பி, பூட்டை எடுக்கேல்ல!”

“என்ன?”

“பூட்டு அங்க நிக்குது. திரும்புவமோ?”

திரும்பினால் போய்வர ஒன்றரை மணித்தியாலத்துக்குக் குறையாது. “உங்களுக்கென்ன விசரோ அண்ணை? இனித் திரும்பினால் மச் முடிஞ்சிடும். திங்கட்கிழமை எடுக்கலாம். கப்பல் எங்க ஓடவே போகுது?”

“அப்ப போர்மனுக்கு அடிச்சுச் சொல்லுவமோ?”

“சொன்னால் எங்கட பிழை எண்டு எழுத்தில வரும். சும்மா இருங்கோ.”

சும்மா இருந்தார். ஹோப்ரோ தாண்டும்போது மட்டும் ஒருதரம், “நான் உள்ளுக்க நிக்கிறன் எண்டெல்லே கணக்கு” என்று சிரித்தார். அவர் உண்மையில் மறந்தாரா, இல்லை அந்த இரண்டு ஏணியையும் திரும்ப இறங்கி ஏற மூச்சில்லாமல், நான் ஹோர்ன் அடிக்கிறேனே என்று விட்டுவிட்டு வந்தாரா, எனக்குத் தெரியாது. இனித் தெரியவும் வராது.

மகளின் அணி தோற்றது. அவளை விளையாட இறக்கவேயில்லை, கடைசிவரை வாங்கிலில்தான் இருந்தாள். “வராமல் விட்டிருக்கலாமே அப்பா” என்று டேனிஷில் சொன்னாள்.

சனிக்கிழமை காலை அண்ணை குளியலறையில் விழுந்தார். அம்புலன்ஸ் வந்தது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், மத்தியானத்துக்கு முன் முடிந்துவிட்டது. மாரடைப்பு. நான் போய்ச் சேரும்போது அக்கா ஒரு நாற்காலியில் இருந்தா. மடியில் ஆஸ்பத்திரி கொடுத்த பிளாஸ்டிக் பை, அதற்குள் அவருடைய உடுப்பு, மணிக்கூடு, திறப்புக் கோர்வை. கோர்வையில் பூட்டின் சின்னத் திறப்பும் தெரிந்தது.

திங்கட்கிழமை நான் வேலைக்குப் போகவில்லை. பத்து மணிக்குப் போர்மன் எனக்குப் போன் எடுத்தார். நல்ல மனிதர், ஐம்பது கடந்த டேனிஷ்காரர், கொஞ்சமாகக் கதைப்பவர். அண்ணை இறந்த செய்தியை ஞாயிறே அவருக்குச் சொல்லியிருந்தேன். முதலில் துக்கம் சொன்னார். பிறகு தயங்கித் தயங்கி, வால்வில் ஒரு பூட்டு நிற்கிறது என்றார். வியாழன் கப்பல் போகவேண்டும். வெட்டுவதற்கு வழி உண்டு, ஒரு படிவம் நிரப்பவேண்டும். ஆனால் படிவத்தின் முதல் கேள்வியே பூட்டுக்காரருடன் கதைத்தீர்களா என்பதுதான். “அதில் என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை” என்றார்.

“வெட்டவேண்டாம்” என்றேன். “திறப்பைக் கொண்டுவருகிறேன். புதன்கிழமைவரை பொறுங்கள்.”

வாயால் சொல்லிவிட்டேன். திறப்பு அக்காவிடம். திறப்பைக் கேட்டால் எதற்கு என்று கேட்பா. அண்ணையை இன்னும் தகனம் செய்யவில்லை, சனிக்கிழமைதான் நாள் கிடைத்திருந்தது. அவர் ஆஸ்பத்திரியில் குளிரில் கிடக்க, நான் போய்ப் பன்னிரண்டு வருடப் பொய்யை அவிழ்க்கவேண்டும். வெட்டட்டும் என்று விட்டிருக்கலாம், ஒருவருக்கும் ஒன்றும் தெரியவந்திராது. ஆனால் ஒரு பூட்டை எடுக்க மனிதர் திரும்புவோமா என்று கேட்டார். நான் மாட்டேன் என்றேன். அந்தப் பூட்டை வெட்டுக்குறடு போட்டு நறுக்க எனக்கு மனம் வரவில்லை.

செவ்வாய் பின்னேரம் போனேன். சனம் வந்து போய்க்கொண்டிருந்தது. அக்கா சமையலறையில் தனியே இருந்தா. அந்தப் பை அலுமாரிக்கு மேலே, திறக்காமல், முடிச்சுப் போட்டபடி.

“அக்கா, அண்ணையின்ர திறப்புக் கோர்வையில ஒரு சின்னத் திறப்பு இருக்கு. வேலையில ஒரு பூட்டு நிக்குது. அதை எடுக்கவேணும்.”

“எந்தக் கப்பலில?”

வாய் பழக்கத்தில் திறந்தது. “பெரியில அக்கா. அந்தப் பெரிய...”

“தம்பி” என்றா அக்கா. குரலை உயர்த்தவில்லை. “பெரிக்கு ஆர் சாம்பல் பெயின்ற் அடிக்கிறது? அவற்ர நகத்துக்குள்ள இருந்து வெள்ளிக்கு வெள்ளி நல்லெண்ணெயும் பிறஷும் கொண்டு நான்தானே எடுக்கிறனான். பன்னிரண்டு வருஷமா ஒரே சாம்பல்.”

நான் மேசையோடு இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

“எனக்கு நோகக்கூடாது எண்டுதான் மனிசன் சொன்னது. அதைப் போய் நான் ஏன் உடைப்பான்? நானும் பெரி எண்டே கேட்டன்.” அக்கா கைகளைப் பார்த்தா. “போன வெள்ளி எண்ணெயைக் கொண்டுபோனன். களைப்பாக் கிடக்கு, நாளைக்கு எடுக்கலாம் எண்டவர். ஆஸ்பத்திரியில கையைப் பிடிச்சுப் பாக்கிறன், நகத்துக்குள்ள சாம்பல் அப்பிடியே கிடக்கு.”

அழுதுவிட்டேன். நான் அழ அக்கா அழாமல் இருந்தா. பிறகு எழும்பிப் பையை இறக்கி, முடிச்சை அவிழ்க்காமல் மேசையில் வைத்தா.

“இனி எனக்கு ஒரு பொய்யும் வேண்டாம். பூட்டுப் போட்டால் ரண்டு தரம் இழுத்துப் பாக்கிற மனிசன், பூட்டு நிண்டால் உள்ளுக்க ஆள் எண்டு எனக்கே சொல்லுறவர். ஏன் விட்டிட்டு வந்தவர்?”

மறந்துவிட்டார் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனியில் நின்றது. சொல்லவில்லை. “நான் அவசரப்படுத்தினனான் அக்கா. ஹோர்ன் அடிச்சனான்.”

“பேந்து?”

“ஓல்போரில ஞாபகம் வந்து, திரும்புவமோ எண்டு கேட்டவர். நான் திங்கட்கிழமை எடுக்கலாம் எண்டனான்.”

“பேந்து?”

அக்கா எப்படித்தான் அறிந்தாவோ, இன்னும் ஒன்று இருக்கிறதென்று. “தொட்டிக்குள்ள வச்சு, இடக்கை உளையுது எண்டவர். வெள்ளிக்கிழமை எண்டால் உங்களுக்கு உளையும் எண்டு நான் பகிடி பண்ணினன்.”

முன்னறையில் யாரோ பிள்ளையை அதட்டினார்கள். அக்கா பையின் முடிச்சை அவிழ்த்தா. அவிழவில்லை, பல்லால் கடித்து அவிழ்த்தா. திறப்புக் கோர்வையில் இருந்து சின்னத் திறப்பைக் கழற்ற நெடுநேரம் எடுத்தது. நான் உதவி செய்யக் கை நீட்டினேன், அவ தரவில்லை. கழற்றியதை என் கையில் கொடுக்காமல் மேசையின் விளிம்பில் வைத்தா.

“கொண்டுபோம்” என்றா. திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

புதன்கிழமை விடிய அண்ணையின் வாசலில் கார் தானாகவே நின்றது. பழக்கம். பிறகுதான் நினைவு வந்து காரை எடுத்தேன். தேத்தண்ணி இல்லை. சுரங்கப்பாதை தாண்டியும் காரில் ஒருவரும் கதைக்கவில்லை.

போர்மன் மேடையில் காத்துக்கொண்டு நின்றார். இரண்டு பேரும் இறங்கினோம். முதல் ஏணி, இரண்டாவது ஏணி. நான் நல்ல சுகதேகி, எனக்கே மூச்சு வாங்கியது. வால்வின் சக்கரத்தில் ஒற்றைப் பூட்டு, அதில் அண்ணையின் படம். பத்து வருடத்துக்கு முந்திய படம், தலைமயிர் இன்னும் கறுப்பு. திறப்பைப் போட்டேன், இரண்டு தரம் வழுவியது. மூன்றாம் தரம் திறந்தது. சங்கிலி தளர்ந்து விழுந்தது. அந்தச் சத்தத்துக்குப் போர்மன் தொப்பியைக் கழற்றினார். பூட்டுப் பதிவேட்டில் கழற்றியவர் யார் என்று எழுதும் இடத்தில் அவர் என் இலக்கத்தை எழுதவில்லை, அண்ணையின் இலக்கத்தை எழுதினார். நானும் பார்த்துக்கொண்டு சும்மா நின்றேன். பிழைதான். பிழை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

மேலே ஏறுவதற்கு முன் நான் தொட்டி வாசலுக்குப் போய் ரோர்ச் அடித்துப் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று கேட்காதீர்கள். பெயின்ற் நன்றாகக் காய்ந்திருந்தது. அந்தக் கடைசி மூலை மற்ற இடங்களைவிட மழமழவென்று இருந்தது. கை உளையும்போதும் மனிதர் ஆறுதலாகவே அடித்திருக்கிறார்.

வியாழன் கப்பல் போனது. சனிக்கிழமை தகனம் முடிந்தது. போர்மன் கறுப்புக் கோட்டோடு வந்து கடைசி வரிசையில் நின்றார். அக்கா என்னோடு கதைக்கவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை.

அடுத்த திங்கட்கிழமை பின்னேரம் பூட்டையும் திறப்பையும் கொடுக்கப் போனேன். அக்கா கதவைத் திறந்தா, உள்ளே வரச் சொல்லவில்லை. பூட்டைக் கையில் வாங்கிப் படத்தைப் பெருவிரலால் துடைத்தா. நான் திரும்பி இரண்டு படி இறங்கியிருப்பேன்.

“கப்பல் போயிட்டுதோ?”

“ஓம் அக்கா. வியாழக்கிழமை போயிட்டுது.”

“உள்ளுக்க வடிவாப் பாத்துத்தானே விட்டனீர்? ஒருத்தரும் இல்லையே?”

“இல்லை அக்கா. நான் இறங்கிப் பாத்தனான். ஒருத்தரும் இல்லை.”

அக்கா தலையை ஆட்டினா. பிறகு கதவை மூடினா.